முடிச்சும் கண்ணியும்

மார்கழித் திங்களில் விடியற்காலையில் சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளில் நடந்தவர்கள், ஆருத்திரா தரிசனத்திற்கு வரும் முதியோர் காதை மூடிக் கம்பளி மப்ளர் சுற்றியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் ஊர்ப் பனி இமயத்துப் பனியன்று. ஆயினும் காதுக்கு அது தெரியாது.

அந்த மப்ளரை உற்று நோக்குங்கள். நெசவுத் துணியில் பாவும் ஊடையும் நெடுக்கிலும் குறுக்கிலும் செல்கின்றன. கம்பளிப் பின்னலிலோ, ஒரே நூல் வளைந்து கண்ணியாகி, அக்கண்ணிக்குள் அடுத்தது நுழைந்து வரிசை வரிசையாக வளர்கிறது. கண்ணி நெகிழ்வதால் ஆடை உடலோடு நீள்கிறது. இடையில் அடைபட்ட காற்று உடற்சூட்டைக் காக்கிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பார் இவ்வேலைக்குப் பொறி கண்டார். திருப்பூர்ப் பனியன்களும் அவ்வகை எந்திரப் பின்னலே. குறை ஒன்றுண்டு: ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்தவையும் கழன்றுவிடும்.

கழலாத பின்னலைக் காணக் கடலூர்த் தேவனாம்பட்டினத்திற்கோ பரங்கிப்பேட்டைக்கோ செல்லுங்கள். அங்கே வலையின் ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் ஒரு முடிச்சு. ஓர் இழை அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

ஒருமுறை ஏழாம் வகுப்பில் சாய்சதுரம் நடத்தினேன். கரையோரத்து மாணவன் ஒருவனுக்கு அது விளங்கவேயில்லை, நான் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் வலைத்துண்டு ஒன்றைக் கொணர்ந்து, இரு முனைகளைப் பற்றி இழுத்தான். சதுரக் கண்கள் சாய்ந்தன. “ஐயா, பக்கம் மாறல, மூலைதான் மாறுது” என்றான். ஒரே அளவுள்ள மரச்சட்டத்தைச் சுற்றி முடிச்சிடுவதால் பக்கங்கள் சமமாகின்றன என்பதையும் அவனே சொன்னான். நான் கரும்பலகையில் அரைமணி நேரம் செய்யாததை அவன் அரை நிமிடத்தில் செய்தான். கடிந்த சொல்லை அவ்வகுப்பின் முன்னிலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அவன் கொணர்ந்தது பருத்தி வலை. உப்புநீரில் மட்காதிருக்க அதை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து உலர்த்துவர். பின்னர் நைலான் வந்தது; வலைஞரின் உழைப்பு குறைந்தது, அதை நான் குறை கூறேன். ஆனால் அறுந்து கடலில் தொலைந்த பருத்தி வலை மட்கிப்போகும். நைலான் வலையோ மட்காது, ஆளின்றியே பல்லாண்டு மீன் பிடிக்கும். தை, மாசித் திங்களில் முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளும் அதில் சிக்கி, மூச்சுவிட மேலே வர இயலாமல் மடிகின்றன.

கரையில் கிடக்கும் நைலான் துண்டு ஒன்றையும் பருத்தி நூல் ஒன்றையும் பள்ளித் தோட்டத்து ஈரமண்ணில் அருகருகே புதையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் புதைத்து, பங்குனியில் தோண்டிப் பாருங்கள்.