விளக்குமாறு: இழிசொல்லா, ஒளிச்சொல்லா?



வைகறையில் தமிழர் வீட்டில் முதன்முதற் கையில் எடுக்கப்பெறும் கருவி விளக்குமாறு. வாயிலைப் பெருக்கி, நீர் தெளித்துக் கோலமிட்ட பின்னரே பிற வேலைகள் தொடங்கும். ஆயினும் அதன் பெயரை அவையிற் சொல்லத் தமிழன் கூசுகின்றான். சினம் வந்தால் வைவதற்கு அச்சொல்லை எடுக்கின்றான். பிறரை எள்ள வேண்டின் 'விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா?' என்கின்றான். கடையிற் கேட்டு வாங்கும்போதோ 'புரூம்' என்கின்றான். இச்சொல் செய்த குற்றந்தான் யாது?

சொல்லைப் பிரித்துக் காண்க. விளங்கு என்பது தன்வினை. ஒளிர்தல், தெளிவாதல் என்பன அதன் பொருள். அடங்கு என்பது அடக்கு என்றும், முடங்கு என்பது முடக்கு என்றும் பிறவினை ஆவது போல, விளங்கு என்பது விளக்கு என்றாயிற்று. இருளை நீக்கி இல்லத்தை விளங்கச் செய்வது விளக்கு. ஐயத்தை நீக்கிக் கருத்தை விளங்கச் செய்வது விளக்கம். அழுக்கை நீக்கிப் பளிச்சிடச் செய்வது பல்விளக்கலும் கலம்விளக்கலும். குப்பையை நீக்கித் தரையை விளங்கச் செய்வது விளக்குமாறு. நால்வகை வேலைக்கும் வினை ஒன்றே!

இனி, 'மாறு' என்பது என்ன? பருத்திமாறு, துவரைமாறு என உழவர் வழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். காய் கொய்து இலையுதிர்ந்தபின் எஞ்சும் காய்ந்த குச்சியே மாறு. குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கருவிக்கும் அப்பெயர் ஆகிவந்தது. தென்னையீர்க்காற் கட்டியது ஈர்க்குமாறு. ஆகவே விளக்குமாறு என்பது ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகை. 'பொருளை விளக்குமாறு வேண்டுகின்றோம்' என்னும்போது அது விளக்கும் + ஆறு எனப் பிரியும். அங்கு ஆறு என்பது வழி. இரண்டையும் ஒன்றாக்கி நகைப்பார் நகைக்கட்டும். இரண்டிலும் முன்னிற்பது ஒளிதரும் அவ்வொரு வினையே.

இக்கருவிக்குத் தமிழிற் பெயர்கள் பல. துடைப்பதால் துடைப்பம். பெருக்குவதால் பெருக்குமாறு. நெல்லை, குமரிப் பக்கங்களில் வாரியல். குப்பையை வாருவதால் வந்த பெயர் அது. கொங்குநாட்டிற் சீமாறு, சீத்தல் என்பது துடைத்து நீக்குதலைக் குறிக்கும் பழஞ்சொல். தெலுங்கின் 'சீபுரு' இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. தென்னந்தும்பினாற் செய்து நீண்ட காம்பு பூட்டியதை ஈழத்தமிழர் தும்புத்தடி என்பர். ஒரு சிறு கருவிக்கு இத்தனை பெயர் படைத்த மொழி, ஓர் அயற்பெயரை இரந்து பெறல் வேண்டுமா?

பள்ளிக்கூடத்திற்குள் நுழைந்து பாருங்கள். கணக்கில் மாணவன் கூட்டுகின்றான், பெருக்குகின்றான். யாப்பில் அலகிடுகின்றான். தேர்வுத்தாளில் 'விளக்குக' என்று வினா வருகின்றது. கூட்டுதல், பெருக்குதல், அலகிடுதல், விளக்குதல் ஆகிய இந்நான்கும் வீடு தூய்மை செய்யும் வேலையிலும் வழங்குஞ் சொற்களே. வகுப்பறையில் மதிப்பெண் பெற்றுத்தருஞ் சொல், வாயிற்படிக்கு வந்ததும் இழிசொல் ஆவது எங்ஙனம்?

கோயிலிலும் இதுவே நிலை. அலகிடுதல் என்னுஞ் சொல்லை அப்பர் தேவாரத்திற் காணலாம். அவர்தம் தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகியதைப் பெரியபுராணம் கூறும். அங்குள்ள துடைப்பத்திற்குத் 'திருவலகு' என்றே பெயர். ஒரே கருவி கோயிலில் 'திரு' என்னும் அடைபெறுகின்றது; தெருவில் வசைமொழி ஆகின்றது. எனவே குறை கருவியிலும் இல்லை, சொல்லிலும் இல்லை. அதனைப் பிடித்த கை யாருடையது என்று பார்க்கும் கண்ணிலேயே குறை உள்ளது.

தமிழ்நாட்டரசு 2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியது. இரண்டும் நல்ல தமிழே. முந்தைய பெயர் ஏன் தாழ்வுற்றது? அத்தொழில் செய்வோரைப் பிறப்பினால் தாழ்த்திய உள்ளம், அவர்தம் பெயரையும் தாழ்த்திற்று. அவ்வுள்ளம் திருந்தாவிடின் புதுப்பெயரும் நாளடைவிற் பழம்பெயர் சென்ற வழியே செல்லும்.

சொல்லுக்கு நாணியதால் வந்த இழப்பையும் எண்ணுங்கள். தரையைப் பெருக்குவர், ஈரத்துணியால் துடைப்பர், மண்தரையாயின் மெழுகுவர். கலத்தை விளக்குவர், துணியை அலசுவர், காலைக் கழுவுவர், ஒட்டடை அடிப்பர், அரிசி களைவர், கீரை ஆய்வர், கிணற்றைத் தூர்வாருவர். வேலைக்கொரு வினையாகப் பத்து வினைகள்! இன்று நகரத்து வீட்டிற் பிறக்கும் குழந்தை இவையனைத்திற்கும் 'கிளீன் பண்ணு' என்னும் ஒன்றையே கேட்டு வளர்கின்றது. ஓர் அயற்சொல் நுழைந்து பத்துத் தமிழ்வினைகளை விழுங்கி ஏப்பமிடுகின்றது. அரிசியைக் களைதலுக்கும் கீரையை ஆய்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அக்குழந்தை எச்சொல்லால் அறியும்?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகரமுதலி 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாக வெளிவந்தது. பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலி 2011-இல் நிறைவுற்றது. சொற்களைத் தொகுத்துக் காக்கும் பணி அவற்றில் நடந்துள்ளது. ஆனால் அகரமுதலியில் ஏறிய சொல் வீட்டார் வாயில் ஏறாவிடின் அது பேழைக்குள் வைத்த விதைநெல்லே, முளைக்காது.

ஆகவே, தமிழ்ப் பெருமக்களே! வசைமொழியாக இச்சொல்லை எடுப்பதை விடுக. கடையில் இதன் பெயரைச் சொல்லியே கேட்க. பெண்டிர் கைக்கே உரியதென்று ஒதுக்காது, நாளை வைகறையில் ஆண்மக்களும் விளக்குமாற்றை எடுத்து வாயிலைப் பெருக்குக. அருகில் நிற்கும் பிள்ளை 'இது என்ன?' என்று கேட்டால், தலைநிமிர்ந்து 'விளக்குமாறு' என்று சொல்லுக.

வாழ்க தமிழ்!