கரியடுப்பு விருந்தில் குழந்தைகள்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். இல்லத்துக்குப் புதியராய் வருபவரை நம் முன்னோர் விருந்து என்றனர். இப்பொழுதோ விருந்தே புதுக்கோலம் பூண்டு வந்திருக்கிறது. தலைவாழை இலையும் பந்தி வரிசையும் இல்லை. மாலை வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் ஒரு கரியடுப்பை ஏற்றி, கம்பிவலையின் மேல் கோழியையும் மீனையும் பன்னீரையும் சுட்டு, நின்றவர் நின்றபடியும் இருந்தவர் இருந்தபடியும் உண்கின்றனர். பார்பிக்யூ என்று இதற்குப் பெயர். கரீபியன் தீவுகளின் பழங்குடி மக்கள் நெருப்புக்கு மேலே குச்சிகளாற் பரண் கட்டி இறைச்சியை வாட்டினர். அந்தப் பரணின் பெயரை ஸ்பானியர் 'பார்பக்கோவா' என்று எடுத்துக்கொண்டனர். அது திரிந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கிருந்து நம் மாடிக்கு ஏறியிருக்கிறது.

பெயர் புதிதே தவிரப் பண்டம் நமக்குப் புதிதன்று. கரிகாற் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையில், கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகளை அரசன் பொருநனுக்கு அளிக்கிறான். சூடு தாங்காமல் பொருநன் அதனை வாயின் இப்பக்கமும் அப்பக்கமுமாக மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டு தின்கிறான். படிக்குந்தோறும் எனக்குச் சிரிப்பு வரும் இடம் அது. ஆனால் பொருநன் வளர்ந்தவன். அவனுடைய மூன்று வயது மகன் உடன் வந்திருந்தால் அவனுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று புலவர் சொல்லவில்லை. நான் இன்று பேச வந்தது அந்தச் சிறுவனைப் பற்றித்தான்.

இத்தகைய விருந்துகளில் அழைப்பவர் கணக்கிடுவது பெரியவர்களின் வாயை. எத்தனை கிலோ கோழி, எவ்வளவு மிளகாய்த்தூள், கரி போதுமா என்று எண்ணுகிறார்கள். குழந்தைகளைப் பற்றிக் கேட்டால், "அவர்களும் இதிலே இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போகட்டும்" என்பார்கள். குழந்தை தின்னாது. தின்னாத குழந்தை அழும். அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் தாய் மாடியைச் சுற்றிச் சுற்றி வருவாள். முடிவில் அந்தத் தாய்க்கும் விருந்து இல்லை. ஆகவே குழந்தைக்கு என்ன பரிமாறுவது என்பது சிறிய கேள்வி அன்று. வந்த குடும்பம் உண்டு மகிழ்ந்து போகுமா, பசியோடு போகுமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

பண்டத்தைச் சொல்வதற்கு முன் பொழுதைச் சொல்ல வேண்டும். கரியைப் பற்றவைத்தவுடன் சுட முடியாது. தீநாக்கு அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் பூத்து, தணல் நிதானத்துக்கு வர அரைமணி முதல் முக்கால்மணி ஆகும். ஏழு மணிக்கு விருந்தினர் வருவார்கள், பேச்சு நடக்கும், அதன் பின்னரே யாராவது விசிறியைத் தேடுவார்கள். முதல் துண்டு தட்டுக்கு வர எட்டரை ஆகிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ பெரும்பாலும் ஏழு மணிக்கு உண்டு எட்டரைக்கு உறங்கும் பிராணி. நம் கடிகாரமும் அதன் வயிறும் ஒத்துப்போவதில்லை. ஆதலின் கரியடுப்பை நம்பிக் குழந்தையின் உணவை வைக்கலாகாது. அடுக்களையில் சமைத்தது ஒன்று முன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும். கரியடுப்பில் சுட்டது அதற்குத் துணையாக வரவேண்டும்.

அந்த அடுக்களைப் பண்டம் எது? தயிர்ச்சோறு. குழைய வடித்த சோற்றில் பாலும் தயிரும் கலந்து, பச்சைமிளகாய் சேர்க்காமல், கடுகுகூடத் தாளிக்காமல் ஒரு பாத்திரம். இதைச் சொன்னால் சில இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். பார்பிக்யூவில் தயிர்ச்சோறா என்கிறார்கள். குழந்தைக்குப் பார்பிக்யூ என்று தெரியாது, ஐயா. அறிமுகம் இல்லாத வீடு, இருட்டிய மாடி, புகை, புதுமுகங்கள் என எல்லாம் அந்நியமாக இருக்கும் இடத்தில், தன் வீட்டில் உண்ட ஒரு பண்டத்தைக் காணும்போதுதான் அதற்கு மனம் அமைகிறது. அதை நான்கு வாய் தின்ற பிறகு சோளத்தையும் கிழங்கையும் கண்ணெடுத்துப் பார்க்கும். தயிர்ச்சோறு ஒவ்வாத குழந்தைக்கு இரண்டு இட்லி போதும்.

கரியடுப்பில் குழந்தைகளுக்கென்று சுடத்தக்கவற்றுள் முதலிடம் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு. தோலோடு கழுவித் தணலின் ஓரத்தில் புதைத்து, இடையிடையே புரட்டினால் முக்கால்மணி நேரத்தில் நன்கு குழைந்துவிடும். தோலை உரித்து, ஆறவைத்து, கொஞ்சம் நெய் விட்டு மசித்துக் கொடுத்தால் பல் முளைத்த குழந்தை முதல் பல் விழுந்த பாட்டி வரை உண்பார்கள். அடுத்தது இளஞ்சோளக் கதிர். சந்தையிலும் கடற்கரையிலும் சுட்டு விற்பது போல எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்க்காமல், வெறுமனே சுட்டு, மணிகளைக் கத்தியால் சீவி எடுத்து, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சற்று நசுக்கியும் கொடுக்கலாம். கதிரையே கையில் பிடித்துக் கடிக்க ஆசைப்படும் பெரிய பிள்ளைகளுக்கு ஆறிய கதிரைக் கொடுங்கள். நேந்திரம் பழத்தைத் தோலோடு கம்பிவலையில் வைத்தால் தோல் கறுத்து உள்ளே பழம் பாகாகும். இதைவிட நல்ல இனிப்பு நான் அறிந்தவரை இந்த அடுப்பில் செய்வதற்கில்லை.

கோழி கொடுக்கலாகாதா? தாராளமாகக் கொடுக்கலாம். காரத்தில் ஊறவைப்பதற்கு முன்பே எலும்பில்லாத சில துண்டுகளைத் தனியே எடுத்து, தயிர், மஞ்சள், கொஞ்சம் இஞ்சி பூண்டு, குறைந்த உப்பு ஆகியவற்றில் ஊறவைத்துவிட வேண்டும். காரத்தில் ஊறியதைக் கழுவிக் கொடுக்கலாம் என்று எண்ணுவது வீண். சுடும்பொழுது வெளியே கருகி உள்ளே பச்சையாக இருப்பது இந்த அடுப்பின் குணம். துண்டின் நடுவில் வெப்பம் 74 பாகை செல்சியசை எட்டவேண்டும் என்பது கணக்கு. அதை அளக்கும் கருவி இப்பொழுது கடைகளில் கிடைக்கிறது. கருவி இல்லாதவர் தடித்த துண்டை நடுவில் பிளந்து, இளஞ்சிவப்பு எங்கும் இல்லை என்று கண்ட பிறகே கொடுக்க வேண்டும். வெந்ததை நாராகக் கிழித்துத் தயிர்ச்சோற்றின் மேல் தூவிவிட்டால் குழந்தை அறியாமலே உண்ணும். மீனானால் முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்த பின்னரே அதன் தட்டுக்குப் போகவேண்டும். மங்கிய விளக்கொளியில் கண்ணை நம்ப வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டில் இத்தகைய விருந்து ஒன்றுக்குப் போயிருந்தேன். நால்வகை இறைச்சி, இரண்டு வகைப் பன்னீர், எல்லாம் சிவக்கச் சிவக்க இருந்தன. நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஒரு துண்டை வாயில் வைத்ததும் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அது அழவில்லை, தாயின் முந்தானையைப் பற்றி இழுத்து, "வீட்டுக்குப் போகலாம்" என்று மெல்லச் சொல்லிற்று. வீட்டில் சோறு வடிக்கவே இல்லை. அழைத்தவர் நல்ல மனிதர். பதறிப்போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் சோறும் மோரும் வாங்கி வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் குழந்தை தோளில் சாய்ந்து உறங்கிவிட்டது. அந்தத் தாய் கைகழுவி எழுந்துவிட்டாள். எத்தனை வற்புறுத்தியும் அதன்பின் அவள் உண்ணவில்லை. அவ்வளவு கோழிக்கும் பன்னீருக்கும் நடுவே ஒரு கைப்பிடி வெறுஞ்சோறு இல்லாமற்போயிற்று.

இதைத் தவிர்க்க ஒரு தொலைபேசி உரையாடல் போதும். அழைக்கும்போதே, "குழந்தைக்கு என்ன வயது அம்மா? எத்தனை மணிக்கு உண்ணும்? எது ஒவ்வாது?" என்று கேட்டுவிட வேண்டும். பால், முட்டை, வேர்க்கடலை முதலியவை ஒவ்வாத குழந்தைகள் உண்டு. ஒரு துளி பட்டாலும் தடித்து வீங்குபவர்களும், மூச்சுத் திணறுபவர்களும் உண்டு. சைவக் குடும்பமானால் கம்பிவலையும் இடுக்கியும் வேறாக இருக்க வேண்டும். இதை அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

இனி, கொடுக்கக் கூடாதவை. பெரியவர்கள் கொறிப்பதற்கென்று வேர்க்கடலையும் முந்திரியும் சோளப்பொரியும் தாழ்ந்த மேசையில் கிண்ணம் கிண்ணமாக வைப்பது வழக்கம். குழந்தையின் கை முதலில் நீளுவது அங்கேதான். பாற்கடைவாய்ப் பற்கள் எல்லாம் முளைக்க ஏறக்குறைய மூன்று வயது ஆகும். முளைத்த பிறகும் நன்றாக மென்று அரைக்கும் பழக்கம் வரச் சில காலம் செல்லும். மூச்சுக்குழலோ குறுகியது. கடலைப்பருப்பும், முழுத் திராட்சையும், வட்டமாக நறுக்கிய 'சாசேஜ்' துண்டும் அதனை அடைத்துக்கொள்ளும். நான்கு வயது நிரம்பும் வரை முழுக்கடலை வேண்டாம். திராட்சையை நெடுக்குவாட்டில் நான்காகவும், சாசேஜை நெடுக்கில் பிளந்து பின் சிறுசிறு துண்டாகவும் நறுக்கவேண்டும். ஓடியாடிக்கொண்டே உண்ண விடலாகாது. தொண்டையில் சிக்கி இருமுகிற குழந்தையை இரும விடுங்கள். இருமல்தான் அதன் மருந்து. இருமவும் குரலெழுப்பவும் முடியாமல் திணறினால், ஒரு நொடியும் தாமதியாமல் முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். அதற்குள் மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். கோழிக்குத் தேன் தடவுவது இப்பொழுது பழக்கமாகி வருகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் கூடாது. சுட்டாலும் அதிலுள்ள நுண்கிருமியின் விதைகள் சாவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தாய்ப்பால் தவிர விருந்து ஏதும் இல்லை. அதற்கு நாம் செய்யும் உபசாரம், தாய் அமர்ந்து பால் கொடுக்க ஓர் அமைதியான அறையும், அவளுக்கென எடுத்துவைத்த ஒரு சூடான தட்டுமே.

பரிமாறும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிகளில் 1982-ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டம் வந்ததை அறிவீர்கள். வரிசையில் அமர்ந்து உண்ணும் பிள்ளைகளைப் பல்லாண்டு பார்த்திருக்கிறேன். வீட்டில் கீரையைத் தொடாதவன், பக்கத்தில் இருப்பவன் கீரை தின்பதைப் பார்த்துத் தானும் தின்பான். யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் மாடியில் ஒரு மூலையில் பாய் விரித்து, எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாக அமர்த்தி, பெரியவர்களுக்கு முன்னே அவர்களுக்குப் பரிமாறிவிடுங்கள். சிறு தட்டு, சிறு அளவு. வேண்டுமானால் மறுபடியும் கேட்கட்டும். "இன்னும் ஒரு வாய்" என்று துரத்துவதும், "அவனைப் பார், எப்படிச் சாப்பிடுகிறான்" என்று ஒப்பிட்டு இடிப்பதும் நம் வீடுகளின் தொல்லைகள். இரண்டாலும் குழந்தை மேலும் உண்டதாக நான் கண்டதில்லை. அதற்குச் சோற்றின்மேல் வெறுப்பு வந்ததைத்தான் கண்டேன். சிந்தினால் சிந்தட்டும். குழந்தை சோற்றைத் துழாவி, இறைத்து, மேலெல்லாம் பூசிக்கொள்வதைப் பாண்டியன் ஒருவனே பாடிப் புறநானூற்றில் 188-ஆம் பாட்டாக வைத்திருக்கிறான். அரசன் பொறுத்துக்கொண்டதை நாமும் பொறுத்துக்கொள்ளலாம். பாய்தானே, காலையில் அலசிவிடலாம்.

குடிப்பதற்குக் காய்ச்சி ஆறிய நீரும், இளநீரும், உப்புக் குறைந்த நீர்மோரும் போதும். குமிழி பொங்கும் சர்க்கரைப் பானம் முதலில் வயிற்றை நிரப்பிவிட்டால் பின்னர்ச் சோறு இறங்காது. தர்ப்பூசணியை விதை நீக்கிக் கொடுக்கலாம். தயிர்ச்சோறும் வெந்த இறைச்சியும் நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குமேல் திறந்து கிடக்கலாகாது. பச்சை இறைச்சி இருந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைக்கும் பழக்கம் கரியடுப்பாளர்கள் பலரிடம் இருக்கிறது. பெரியவர் வயிறு ஒருவேளை தாங்கும். குழந்தையின் வயிறு தாங்காது. தட்டும் இடுக்கியும் இரண்டிரண்டு வேண்டும்.

அடுப்பு இருக்கும் இடத்தைச் சுற்றி நாற்காலிகளை வேலியாக நிறுத்தி, ஒரு பெரியவர் காவல் இருக்க வேண்டும். அவர் சுடுபவராக இருக்கக் கூடாது. சுடுபவருக்குக் கண் கோழியின் மேல். மழை வந்தால் அடுப்பை அறைக்குள் தூக்கிச் செல்லாதீர்கள். கரித்தணல் உமிழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூடிய அறையில் உயிரைக் குடித்துவிடும். தணல் மந்தமானால் விசிறுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கையில் சுட்டுக்கொண்ட குழந்தைக்கு மையும் பற்பசையும் தடவாமல் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஓடவிட வேண்டும். சித்திரை வைகாசியில் மாடிக்குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும் என்பதை நினைவில் வைத்து, நிழலில் இரண்டு வாளி நீர் முன்னரே பிடித்து வைப்பது நல்லது.

விருந்தினர் போனபின் கரியை அப்படியே விட்டுவிட்டு இறங்குவார்கள். இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து வரும் சீமைக்கருவேலங் கரி நெடுநேரம் நின்று எரியக்கூடியது. மேலே சாம்பல் மூடி அணைந்தது போலத் தோன்றினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். விடியற்காலையில் மாடிக்கு வெறுங்காலோடு முதலில் ஓடி வருவது அந்த வீட்டுக் குழந்தைதான். நிழலில் வைத்த வாளிகளில் மிஞ்சிய நீரைச் சற்று விலகி நின்று சிறிது சிறிதாக ஊற்றி, கம்பியால் கிளறி, மறுபடியும் ஊற்றி, புகையும் சீறலும் நின்றபிறகு கீழே இறங்குங்கள்.