வில்லனுக்கும் ஒரு நியாயம்

ஏற்காடு மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி வருகிறவர்கள், ஏற்காடு சாலையோரம் ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் முகப்பு அது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய கம்பெனி. நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடத்தில் இப்போது வளைவு மட்டும் நிற்கிறது. ஸ்டுடியோவின் கதை பெரியது, அதை இன்னொரு நாள் பேசலாம். அந்த வளைவுக்குள் போய்வந்த ஒரு நடிகரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். ஆர்.எஸ். மனோகர்.

அவருடைய இனிஷியலில் உள்ள 'ஆர்' ராசிபுரம். பிறந்தது நாமக்கல்லில், 1925ஆம் ஆண்டு ஜூன் 29. அன்றைக்கு நாமக்கல்லும் சேலம் ஜில்லாதான். ஆக, நம்ம ஜில்லாக்காரர். பெற்றோர் வைத்த பெயர் லட்சுமி நரசிம்மன். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகத்தில் மனோகரனாக வேஷம் கட்டினார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவருக்கு 1951இல் சினிமா வாய்ப்பு வந்தது. ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவலான 'ராஜாம்பாள்' படமானபோது அவர்தான் கதாநாயகன்.

அடுத்த ஆண்டு வந்த 'தாய் உள்ளம்' படத்தை இப்போது பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அதில் மனோகர் கதாநாயகன், ஜெமினி கணேசன் வில்லன்! காலம் இரண்டு பேரையும் இடம் மாற்றி வைத்துவிட்டது. ஜெமினி காதல் மன்னன் ஆனார். மனோகருக்கு வில்லன் வேஷங்கள் வரிசை கட்டின. 1959இல் சேலத்தில் எடுத்த 'வண்ணக்கிளி'யில் அவர் செய்த முரடன் வேஷம் ஜனங்களுக்கு நன்றாகப் பிடித்துப்போனது. அதே மாடர்ன் தியேட்டர்ஸ் அவரைக் கதாநாயகனாகவும் விட்டுவிடவில்லை. 'கைதி கண்ணாயிரம்', மனோரமா முதன்முதலாகக் கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி', ஜெய்சங்கரோடு நடித்த 'இரு வல்லவர்கள்' எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஆனால் பொதுஜனம் மனத்தில் வைத்துக்கொண்டது 'ஆயிரத்தில் ஒருவன்', 'உலகம் சுற்றும் வாலிபன்' மாதிரியான படங்களில் எம்.ஜி.ஆரை எதிர்த்து நின்ற முகத்தைத்தான். 200 படங்களுக்கு மேல் நடித்திருக்கிறார். பெரும்பாலும் கடைசி ரீலில் தோற்றுப்போகிற வேலை.

சினிமா வில்லனுக்குக் காரணம் தேவையில்லை. அவன் ஏன் கெட்டவன் என்று யாரும் கேட்பதில்லை. கதாநாயகன் நல்லவனாகத் தெரிய வேண்டுமே, அதற்காகக் கெட்டவன். பகலில் இப்படி நடித்துச் சம்பாதித்தவர், அந்தப் பணத்தை ராத்திரி நாடகத்தில் போட்டார். 1954இல் அவர் தொடங்கிய நேஷனல் தியேட்டர்ஸ் போட்ட நாடகங்களின் பெயர்களைக் கேளுங்கள்: இலங்கேஸ்வரன், சூரபத்மன், சிசுபாலன், நரகாசுரன், இந்திரஜித், சுக்ராச்சாரியார், துரியோதனன், மாலிக்காபூர். புராணத்திலும் சரித்திரத்திலும் நாம் திட்டித் தீர்த்த ஆட்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு மேடை கொடுத்து, உன் பக்கத்து நியாயத்தை நீயே சொல் என்று விட்டார் மனோகர். என் எண்ணத்தில் அவருடைய பெரிய சாதனை இதுதான். காட்சி ஜோடனையெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

அந்தக் காலத்தில் ராவணனைத் தொடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1948இல் தடை செய்யப்பட்டு, 1971 வரை தடையிலேயே கிடந்தது. எம்.ஆர். ராதா ராமாயணத்தைக் கேலி செய்து நாடகம் போட்ட 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. மனோகர் பக்திக்கும் கேலிக்கும் நடுவில் ஒரு வழி கண்டார். ராமனை அவர் இழிவுபடுத்தவில்லை. ராவணனைச் சிவபக்தனாக, வீணை வித்தகனாக, சீதையைப் பெற்ற தகப்பனாகக் காட்டினார். சீதை ராவணன் மகள் என்பது சில ராமாயண மரபுகளில் உள்ள கதை, அவர் இட்டுக்கட்டியது அல்ல. பக்தரும் பகுத்தறிவுக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தார்கள். 1,800 முறைக்கு மேல் 'இலங்கேஸ்வரன்' மேடையேறியது.

பெரிய ஜோடனைக்கு நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனி ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தது. மனோகர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு, தந்திரக் காட்சிகள், மின்விளக்கு, ஒலியமைப்பு என்று கூட்டிக்கொண்டே போனார். படுதா, தூண், சிம்மாசனம், தேர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி, ஊர் ஊராக இறக்கி, நாடகம் முடிந்ததும் பிரித்துக் கட்டவேண்டும். பொருட்காட்சிப் பந்தலில் பின்வரிசைக்காரனுக்கும் வசனம் தெளிவாகக் கேட்கவேண்டும். மனோகரின் குரல் அதற்கென்றே வாய்த்தது. நாடகக் காவலர் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல.

இங்கே, மனோகரைப் போலவே சினிமாவுக்குப் போயும் மேடையை விடாத தூரத்து நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லவேண்டும். பால்டிக் கடலோரம் உள்ள சின்ன நாடு லிதுவேனியா. அங்கே டோனாடஸ் பானியோனிஸ் என்றொரு நடிகர், மனோகருக்கு ஒரு வயது மூத்தவர். 1941இல் பானவேஜிஸ் என்ற ஊரில் மில்தினிஸ் என்பவர் நடத்திய நாடக அரங்கில் சேர்ந்தார். 1972இல் ருஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படத்தில் கதாநாயகனாகி உலகத்துக்கே தெரிந்த முகம் ஆனார். அதற்குப் பிறகும் அந்த ஊர் மேடையை அவர் விடவில்லை. வித்தியாசம் ஒன்றுதான். அந்த அரங்குக்குப் பணம் கொடுத்தது அரசாங்கம். நடிகருக்கு மாதாமாதம் சம்பளம். நம்முடைய மனோகருக்கு அப்படி ஒரு ஆதரவு கிடையாது. வில்லனாக நடித்த கூலிதான் அவருடைய நாடக மானியம். அதை வைத்துக்கொண்டு 30 நாடகங்களுக்கு மேல் தயாரித்து, ஏழாயிரம் முறைக்கு மேல் திரை தூக்கியிருக்கிறார் என்றால், இந்த மனிதரை வெறும் வில்லன் நடிகர் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது அநியாயம்.

மனோகர் 2006ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய படங்கள் தொலைக்காட்சியில் அவ்வப்போது வருகின்றன. நாடகம் அப்படியில்லை, பார்த்தவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

அதனால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் 'இலங்கேஸ்வரன்' பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்காரவைத்துப் பேசச் சொல்லி, செல்போனிலாவது பதிவு செய்து வையுங்கள். பழைய நாடக நோட்டீசோ டிக்கெட்டோ போட்டோவோ பரண்மேல் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இப்படிப்பட்ட தாள்களைக் காப்பாற்றி வைக்கத்தான் இருக்கின்றன. ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.