வழக்கறிஞரும் வலைத்தளமும்



வழக்கறிஞர் தொழில் பழமையானது. அதற்கு இந்நாளில் வாய்த்திருக்கும் கருவியோ மிகப் புதியது. சமூக வலைத்தளங்களை வழக்கறிஞர்கள் எவ்வாறு பயன்படுத்தலாம், எந்த எல்லையில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். இது வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய பேச்சன்று. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி, வழக்கென்று வந்தால் யாரை நாடுவது எனத் திகைக்கும் தமிழர் ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு.

பெங்களூரிலுள்ள சிவாஜிநகரை எடுத்துக்கொள்வோம். பழைய கண்டோன்மெண்டைச் சேர்ந்த பகுதி அது. ரஸ்ஸல் மார்க்கெட்டும் புனித மரியன்னைப் பேராலயமும் அமைந்த அவ்விடத்தில் தமிழும் உருதும் கன்னடமும் ஒரே கடைவாசலில் ஒலிக்கும். மேயோ ஹாலில் உள்ள நீதிமன்றங்களும், கப்பன் பூங்காவை ஒட்டி அட்டாரா கச்சேரி என்னும் செந்நிறக் கட்டடத்தில் அமைந்த கர்நாடக உயர்நீதிமன்றமும் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. அங்கு வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டு வாடகை வழக்குப் பெங்களூரிலும், பூர்வீக நிலத் தகராறு வேலூரிலும் இருப்பது வியப்பன்று. முன்பெல்லாம் உறவினரையோ மளிகைக் கடைக்காரரையோ விசாரித்து வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இன்று கைப்பேசியைத் தட்டுகிறார்கள்.

வழக்கறிஞர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசிச் சட்டச் செய்தி அறிவது புதிய வழக்கமும் அன்று. சென்னை மயிலாப்பூரில் சனிக்கிழமைதோறும் கூடிச் சட்டம் பேசிய வக்கீல்களின் சிறு கூட்டத்திலிருந்து பிறந்ததுதான் 1891-ஆம் ஆண்டில் தோன்றிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்னும் புகழ்பெற்ற சட்ட இதழ். அன்று தீர்ப்பு அச்சேறி மாவட்ட நீதிமன்றத்தை அடையப் பல நாட்கள் சென்றன. இன்று தில்லியில் காலையில் கூறப்பட்ட தீர்ப்பைப் பிற்பகலில் சிவாஜிநகர் வழக்கறிஞர் படித்துவிடுகிறார். லைவ் லா, பார் அண்டு பெஞ்ச் போன்ற செய்தித்தளங்கள் எக்ஸ் தளத்தில் இடும் குறிப்புகளும், வழக்கறிஞர் சங்கங்களின் வாட்ஸாப் குழுக்களும் இவ்வேகத்துக்குக் காரணம்.

தொழில் தொடர்புக்கும் இத்தளங்கள் பெரிதும் உதவுகின்றன. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றவர் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம். ஆயினும் ஒவ்வோர் உயர்நீதிமன்றத்துக்கும் தனி விதிகள் உண்டு. உள்ளூர் வழக்கத்தையும் மொழியையும் அறிந்தவர் துணை எங்கும் வேண்டும். பெங்களூர் வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் வேலூர் வழக்குக்குத் தக்க ஒருவரைத் தேடும்போது, லிங்க்ட்இன் போன்ற தொழில்முறைத் தளம் கைகொடுக்கிறது. அங்கே ஒருவர் எழுதிய சட்டக் கட்டுரையைப் படித்து அவர் புலமையை ஓரளவு மதிப்பிடவும் முடிகிறது.

ஆனால் தொடர்பு தேடுவது வேறு. கட்சிக்காரரைத் தேடி அலைவது வேறு. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதையும், தரகர் வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. தாம் நடத்தும் வழக்கை ஒட்டித் தம் புகைப்படம் பத்திரிகையில் வரச் செய்வதும் அவ்விதிக்கு மாறானது. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை கூட அளவோடு இருக்க வேண்டும் என்கிறது அது. இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். பம்பாய்க் குற்றவியல் நீதிமன்ற வாசலில் சில வழக்கறிஞர்கள் காத்துநின்று, வருகிற கட்சிக்காரர்மீது பாய்ந்து காகிதங்களைப் பறித்து, தமக்குள் கைகலந்த செய்தி ஒரு வழக்காகி 1975-இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. தொழிலின் மதிப்பைச் சந்தைக் கூச்சலாக்கும் செயல் ஒழுக்கக்கேடே என்று நீதிமன்றம் கண்டது.

2008-இல் அவ்விதி ஓரளவு தளர்த்தப்பட்டது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், கல்வித்தகுதி, எவ்வகை வழக்குகளை நடத்துகிறார் என்னும் செய்தி ஆகியவற்றை மட்டும் தம் இணையதளத்தில் தர இசைவளிக்கப்பட்டது. அதற்கப்பால் செல்வோர்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கறிஞர் மன்றத்துக்கு ஆணையிட்டது. வணிகத் தளங்களில் வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு, நட்சத்திரக் குறி இட்டு, விலை கூறும் போக்கை அத்தீர்ப்புக் கடிந்தது. 2025 மார்ச்சில் நடிகர்களையும் வலைத்தளப் பிரபலங்களையும் கொண்டு விளம்பரம் தேடுவதையும் வழக்கறிஞர் மன்றம் கண்டித்தது. நீதிமன்ற வளாகத்தில் கட்சிக்காரரோடு படமெடுத்து, 'வெற்றி' எனத் தலைப்பிட்டு வெளியிடும் இளைஞர்கள் இவற்றை நினைவிற் கொள்வது நலம். ஒழுக்கக்கேடு மெய்ப்பிக்கப்பட்டால் கண்டனம் முதல் பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு.

இனிச் செய்தியின் பக்கம் வருவோம். வேகமாக வருவதெல்லாம் மெய்யாகிவிடாது. ஆங்கிலத்தில் 'ஸ்டே' என்றால் இடைக்காலத் தடை. 'குவாஷ்' என்றால் ரத்து. நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பியது என்பது வழக்கின் தொடக்கம் மட்டுமே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இம்மூன்றும் மூன்று வேறு பொருள்கள். வலைத்தளத் தலைப்பிலோ மூன்றும் 'சட்டம் செல்லாது' என்று ஆகிவிடக் காண்கிறோம். அதை நம்பிய குடியிருப்போர் வாடகை கட்டாமலிருந்தால் வெளியேற்றப்படப் போவது அவர்தாமே! உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது. அவையும் புரிதலுக்கு உதவுவனவே. சட்டப்படி நிற்பது ஆங்கில மூலம்.

மேலும், சென்னை வழக்கறிஞர் தமிழில் பேசிய காணொளியைச் சிவாஜிநகர்த் தமிழர் பார்க்கிறார். அவர் விளக்குவது தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம். பெங்களூர் வீட்டுக்குரியதோ 1999-ஆம் ஆண்டுக் கர்நாடக வாடகைச் சட்டம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர் மாநிலம் வேறு. தாய்மொழியில் கேட்ட இனிமையால் இந்த வேற்றுமை மறைந்துபோகிறது. எனவே, பேசும் வழக்கறிஞர் எம்மாநிலச் சட்டம் இது என்று முதலிலேயே கூறுவதும், கேட்போர் அதை வினவுவதும் கடமை.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. 2025-இல் பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்ற உத்தரவொன்றில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாகக் காட்டப்பட்டிருப்பதைக் கர்நாடக உயர்நீதிமன்றம் கண்டு, விசாரணைக்கு வழிசெய்தது. அமெரிக்காவிலும் 2023-இல், செயற்கை நுண்ணறிவு இயந்திரம் புனைந்து தந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. குழுவில் வந்த மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடாமல் நீதிமன்றத்தில் வைப்பது, ஆழம் பாராமல் ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

நேரலையிலும் இருமுகங்கள் உண்டு. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் நடவடிக்கைகளை மக்கள் வீட்டிலிருந்தே காண வழி பிறந்தது நற்செய்தியே. ஆனால் 2024 செப்டம்பரில் விசாரணையின்போது நீதிபதி ஒருவர் கூறிய சில சொற்கள் துண்டுப் படங்களாக நாடெங்கும் பரவின. உச்சநீதிமன்றம் தானாகவே அதை எடுத்து விசாரித்தது. அந்நீதிபதி வருத்தம் தெரிவித்தபின் முடித்துவைத்தது. வெளிச்சத்தைக் குறைப்பது இதற்கு மருந்தாகாது என்பதே அதன் கருத்து. எனினும் துண்டுப் படங்களைத் தம் விருப்பம்போல் வெளியிடுவதற்குக் கர்நாடக உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு மணி நேர விசாரணையில் அரை நிமிடம் மட்டும் கண்டு முடிவு கட்டுவது நீதியாகாது.

யாவற்றினும் பெரியது கட்சிக்காரரின் இரகசியம். 'இப்படி ஒரு வழக்கு. யாருக்கேனும் தீர்ப்புத் தெரியுமா?' என்று இருநூறு பேர் உள்ள குழுவில் கேட்கும் வழக்கறிஞர், பெயரை மறைத்தாலும் ஊரையும் தொழிலையும் சொல்லிவிட்டால், சிவாஜிநகர் போன்ற நெருங்கிய இடத்தில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடாமல் காக்கும் பொறுப்பை முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவும் விதிக்கின்றன.

வழக்கறிஞரைத் தேடும் நேயர்களுக்கும் சில சொற்கள். வலைத்தளத்தில் பின்தொடர்வோர் எண்ணிக்கை புலமைக்குச் சான்றன்று. மாநில வழக்கறிஞர் மன்றப் பதிவெண்ணைக் கேளுங்கள். வெற்றி உறுதி என்பவரிடம் விழிப்பாயிருங்கள். ஊரிலுள்ள வழக்கின் பதினாறு இலக்கத் தனி அடையாளக் குறியீட்டை வாங்கி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா என்று என்பதை நீங்களே பெங்களூரிலிருந்து அறியலாம். அதற்குத் தரகர் எவரும் வேண்டா.

அறிவைப் பகிரவும், தொழில் நண்பரைத் தேடவும், தீர்ப்பை விரைந்து அறியவும் வலைத்தளம் நல்ல வாயில். அவ்வாயிலைக் கடையாக மாற்றாத வழக்கறிஞரிடம் வேற்று மாநிலத் தமிழரும் நம்பிக்கையோடு தம் காகிதக் கட்டை ஒப்படைக்கலாம்.