முறுக்குவிசைச் சாவியும் அதன் பராமரிப்பும்



நீரிறைக்கும் இயந்திரத்தின் சிலிண்டர் தலைச் சுரைகளைக் கைப்பலத்தை நம்பி இறுக்குவோர் பலர். மிகையாயின் புரி அறும். குறைந்தாலோ கஸ்கற் ஊதும். மிளகாய்க் கன்று வாடும் வேளையில் இயந்திரம் நின்றுவிடும்.

கைந்நூலிற் குறித்த அளவுக்கு முறுக்குவிசைச் சாவியைத் திருப்பி அமையுங்கள். அளவு நியூட்டன் மீற்றரிலா, கிலோகிராம் மீற்றரிலா என்பதையும் பாருங்கள். பின்னது ஏறத்தாழப் 10 மடங்கு பெரிது. புரிகளைத் துடைத்து, சுரைகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தடவையிற் படிப்படியாக இறுக்குதல் வேண்டும். 'கிளிக்' என்றதும் நிறுத்துங்கள். இன்னுமொரு தரம் இழுத்துப் பார்ப்பது நம்மவர் வழக்கம்; அதுவே கேடு.

இறுகிய சுரையைக் கழற்ற இதனை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவிற்குத் திருப்பிப் பெட்டியில் வையுங்கள். இல்லையேல் உள்ளிருக்கும் சுருள்வில் தளரும். நிலத்தில் விழுந்த சாவியைச் சோதிப்பித்த பின்னரே மீண்டும் பயன்படுத்துங்கள்.