குளத்தில் விட்ட மீன்

உண்பதற்கென்று கொண்டுவந்த உயிர், வந்த ஊரையே தனதாக்கிக் கொள்வதும் உண்டு. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா மீன் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழை மக்களுக்கு மலிவான மீனுணவு கிட்டவேண்டும் என்பதே நோக்கம். உலர்வலயப் பெருங்குளங்களில் அந்நோக்கம் நிறைவேறியதை மறுத்தல் நன்றியன்று.

ஆயினும், அம்மீனின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயினுள் வைத்துக் காக்கும். நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும். எனவே விரைந்து பெருகி, ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பற்றிக்கொள்ளும். ஆபிரிக்கக் கெளிற்று மீனோ பிற மீன்களையும் தின்று வளர்வது. இந்திய அரசு அதன் வளர்ப்பைத் தடைசெய்தது. பின்னரும் மறைவான வளர்ப்பு நின்றபாடில்லை.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. மாரியில் நிரம்பும் குளங்களும், வழுக்கியாறும், கடல்நீரேரிகளுமே அதன் நீர்ச்செல்வம். மாரி வெள்ளத்தில் ஒரு குளத்து நீர் மற்றொன்றிற் சேரும். விற்று எஞ்சிய உயிர்மீனை இரக்கத்தால் ஒரு குளத்தில் விடுபவர், அறியாமலே பல குளங்களில் விட்டவராவார்.

சந்தையில் வாங்கிய மீன் சட்டிக்கே செல்லட்டும். குளத்தில் விட்டதைத் திருப்பியழைக்க எவராலும் இயலாது.