சிறைவாசலும் ஆலய வாங்கும்



1813இல் இலண்டன் நியூகேற் சிறைக்குள் சென்ற எலிசபெத் ஃபிரை, உடுப்புக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 1817இல் வேறு பெண்களையும் சேர்த்துச் சங்கம் அமைத்தார். கைதிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தாய்மாருக்குத் தையல் வேலையும் கிடைத்தன.

நாமோ நத்தாருக்குக் கேக்கும் கீதமுமாகச் சிறைக்குப் போகிறோம். தை பிறந்ததும் மறந்துவிடுகிறோம். விடுதலையாகி எங்கள் ஆராதனைக்கு வந்த ஒரு சகோதரியின் வாங்கில் நாங்கள் எவரும் அமரவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

நோயாளி வீடு திரும்பிய பின்னரே பராமரிப்பின் கடினமான பகுதி தொடங்கும் என்பது வைத்தியர்களான எங்களுக்குத் தெரியும். கைதிக்கும் அப்படியே. உள்ளே இருக்கும்போதே பெயர் சொல்லிப் பழகுவோம், வீட்டாரை விசாரிப்போம், விடுதலை நாளில் சிறைவாசலில் நிற்போம், ஞாயிறன்று அருகில் அமர்வோம்.

நூற்றாண்டு காணும் பாடசாலையின் பிள்ளைகள் நாம். அந்த வாங்கை வெறுமையாக விடாதிருப்போம்.